தீயினும் கொடிது தாமதம்

சத்தியமங்கலம் சாலை வழியே சரவணம்பட்டியைக் கடந்து செல்வோர், உயர்ந்து நிற்கும் கணிப்பொறி நிறுவனங்களையும் மாலையில் அவற்றினின்று சாரை சாரையாக வெளிவரும் இளைஞரையும் காணாதிருக்க முடியாது. நம் குடும்பங்கள் பலவற்றிலும் பிள்ளைகளுள் ஒருவராவது இத்துறையில் கால் வைத்துவிட்டனர். ஆதலால் பெற்றோர் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “இந்தியாவிலேயே கணிப்பொறிச் சில்லுகள் செய்யப் போகிறார்களாமே, அத்தொழில் நிலைக்குமா? பிள்ளையை நம்பி அதற்குப் படிக்க வைக்கலாமா?”

ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் இதற்கு விடை கூறிவிட இயலாது. ஆயினும், நம் அரசே நடத்திவரும் ஒரு சில்லுத் தொழிற்சாலையின் வரலாற்றை அறிந்துகொண்டால், எதை நம்பலாம், எதை எண்ணி அஞ்ச வேண்டும் என்பது தெளிவாகும்.

மணலினின்று பிரித்தெடுத்துத் தூய்மை செய்த சிலிக்கனை வட்டத் தகடுகளாக அறுத்து, ஒளியின் துணையால் அவற்றின்மேல் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிய மின்பாதைகளைப் பதிப்பதே சில்லுத் தொழில். அப்பாதைகள் மைக்ரான் கணக்கில் அளக்கப்படும். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே மைக்ரான். பாதை எத்துணைக்கெத்துணை நுண்மையாகிறதோ, அத்துணைக்கத்துணைச் சில்லின் ஆற்றல் பெருகும். ஒரு தூசி விழுந்தாலும் பதித்தது பாழாகும்.

இத்தொழிலை நம் மண்ணிலேயே நிறுவ மத்திய அரசு 1976இல் முடிவு செய்தது. பஞ்சாப் மாநிலத்து மொகாலியில் ‘செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ்’ என்னும் நிறுவனம் எழுந்து, 1984இல் உற்பத்தியைத் தொடங்கியது. சரவணம்பட்டியில் குமரகுரு தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். 5 மைக்ரான் அளவில் தொடங்கிய மொகாலி ஆலை, சில ஆண்டுகளுக்குள் 0.8 மைக்ரான் அளவை எட்டியது. உலகின் முன்னணி ஆலைகளுக்கு மிக அருகில் அது நின்ற காலம் அது. இன்று உலகையே ஆளும் தைவான் நாட்டு டி.எஸ்.எம்.சி. நிறுவனம் 1987இல்தான் பிறந்தது என்பதை எண்ணிப் பார்த்தால், நாம் எவ்வளவு முன்னே இருந்தோம் என்பது விளங்கும்.

1989 பிப்ரவரி 7ஆம் நாள் மொகாலி ஆலையில் தீப்பற்றியது. உற்பத்திக்கூடம் அழிந்தது. தீவிபத்து எங்கும் நேரக்கூடியதே. அதற்காக யாரையும் பழிக்க வேண்டியதில்லை. ஆனால் அவ்வாலை மீண்டும் இயங்க 1997 வரை காத்திருக்க நேர்ந்தது. அந்த எட்டு ஆண்டுகளில் உலகம் 0.8 மைக்ரானைக் கைவிட்டு, அதில் பாதிக்கும் குறைந்த அளவுக்குச் சென்றுவிட்டது. தீ ஒரு கட்டடத்தை அழித்தது. தாமதமோ நாம் ஓட்டத்தில் பெற்றிருந்த இடத்தையே அழித்தது.

கோவை மக்களுக்கு இவ்வுண்மையை எடுத்துரைக்கத் தேவையில்லை. 2020இல் கொள்ளைநோய்க் காலத்தில் தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் ஆலைகள் நின்றபோது, அந்த வாயில்களில் காத்திருந்த தொழிலாளர் துயரை நாம் கண்டோம். நின்ற எந்திரத்தில் துருப் பிடிப்பதைவிட விரைவாக, பழகிய கைகள் வேறு பிழைப்பைத் தேடிக் கலைந்து போகின்றன.

மொகாலி ஆலை முற்றிலும் மடிந்துவிடவில்லை. 2006இல் விண்வெளித் துறையின்கீழ் ‘செமிகண்டக்டர் லேபரட்டரி’ என்ற பெயருடன் ஆய்வுக்கூடமாக மாறியது. பின்னர் 0.18 மைக்ரான் அளவுக்கு உயர்ந்தது. உலகச் சந்தையில் இது மிகப் பழைய அளவு. ஆயினும் ஏவுகலத்தின் கடுமையைத் தாங்கும் சில்லுக்கு அது போதுமானது. திருவனந்தபுரத்து விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்துடன் இணைந்து அது உருவாக்கிய ‘விக்ரம் 3201’ என்னும் சில்லு, 2024 டிசம்பர் 30 அன்று ஏவப்பட்ட பி.எஸ்.எல்.வி.-சி60 பயணத்தில் சோதித்துத் தேறியது.

ஆலையின் எதிர்காலமோ பன்முறை கேள்விக்குள்ளாயிற்று. தனியாருடன் கூட்டுச் சேர்ப்பதை ஆராயலாம் என்று 2021 டிசம்பரில் மத்திய அமைச்சரவை கூறியது. 2025 நவம்பரில் மொகாலிக்குச் சென்ற மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ், ஆலை தனியார்மயமாகாது என்றும், 4,500 கோடி ரூபாயில் புதுப்பிக்கப்படும் என்றும் அறிவித்தார். அறிவிப்பு மகிழ்ச்சிக்குரியது, பணி குறித்த காலத்தில் முடிவதே முக்கியம்.

இடர்ப்பாடு நமக்கு மட்டும் உரியதன்று. 1968இல் தோன்றி உலகுக்கே வழிகாட்டிய அமெரிக்காவின் இன்டெல் நிறுவனம், 2024ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 1,880 கோடி டாலர் நட்டமடைந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்க அரசே அதில் பத்தில் ஒரு பங்களவு உரிமையை ஏற்றது. நுண்மையில் பின்தங்கினால் பேராலையும் தள்ளாடும்.

இப்போது அழைப்பு நம் வாயிலுக்கும் வந்திருக்கிறது. 2025 மார்ச்சில் தமிழக நிதிநிலை அறிக்கை, 500 கோடி ரூபாயில் ‘செமிகண்டக்டர் இயக்கம் 2030’ என்பதை அறிவித்தது. சில்லுத் தொழிலுக்கான கருவிகளைச் செய்யும் பூங்காக்கள் சூலூரிலும் பல்லடத்திலும் அமையும் என்றும் கூறியது. வார்ப்படமும் கடைசலும் பம்பும் கைவந்த கொங்கு நாட்டுக்கு இது பொருத்தமான பணியே.

ஆகவே பெற்றோருக்கு நாம் கூறுவது இது. ஓர் ஆலையின் பெயரை நம்பிப் பிள்ளையைப் படிக்க வைக்க வேண்டாம்; ஆலைகள் எழும், விழும். இயற்பியலும் கணிதமும் வேதியியலும் ஆழ்ந்து கற்பியுங்கள். கை வேலையையும் இழிவாக எண்ணாமல் பழக்குங்கள். ஓர் ஆலை நின்றாலும் அத்தகையோர் மற்றோர் ஆலையில் வாழ்வர். மேலும், புதிய ஆலைக்கு அடிக்கல் நாட்டப்படும் நாளில், எத்தனை கோடி என்று மட்டும் கேளாமல், இடர் வந்தால் எத்தனை நாளில் மீண்டும் திறப்பீர்கள் என்றும் ஆட்சியாளரை நாம் கேட்க வேண்டும். மொகாலியில் இழந்த எட்டு ஆண்டுகள், கேட்கும் உரிமையை நமக்குத் தந்திருக்கின்றன.