களை பறிப்பதும் மருத்துவமே

கண்ணிமை, கழுத்து, முழங்கை மடிப்பு ஆகிய இடங்களில் அரிப்பும் தடிப்பும் தோன்றுகின்றன. களிம்பு தடவினால் தணிகின்றன. மேய்ச்சல் நிலத்திற்குச் சென்று திரும்பினால் மீண்டும் கிளம்புகின்றன. இத்தகைய தோல் நோய்க்குரிய காரணங்களுள் ஒன்று பார்த்தீனியம் என்னும் களை. ‘அச்செடியின் அருகே செல்லாதீர்கள்’ என்று அறிவுறுத்துவது எளிது. ஆடுமாடுகளை நம்பி வாழ்பவர் வேறெங்கே செல்வார்? நோயாளியை நிலத்திலிருந்து விலக்குவதைவிட, களையை நிலத்திலிருந்து அகற்றுவதே முறை என்பது என் கருத்து.

வெப்பமண்டல அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இச்செடி, 1950களில் புனேயில் கண்டறியப்பட்டது. பின்னர் நாடெங்கும் பரவியது. இளஞ்செடியின் இலைகள் தரையோடு வட்டமாகப் படிந்திருக்கும். கேரட் இலைபோல் ஆழப் பிளவுபட்டிருக்கும். வளர்ந்த செடியின் தண்டில் நீள்வரிகளும், கிளை நுனிகளில் சிறு வெண்பூக்களும் காணப்படும். முளைத்த ஏறத்தாழ ஒரு மாதத்திலேயே பூக்கும். ஒரே செடி பல ஆயிரம் விதைகளை உதிர்க்கும். கால்நடைகள் புல்லை மேய்ந்துவிட்டு இதனை ஒதுக்குவதால், புல் குறையக் குறைய இது பெருகும். தீவனமின்றி இதனைத் தின்ற மாட்டின் பாலும் கசக்கும்.

இச்செடியிலுள்ள பார்த்தெனின் என்னும் நச்சுப்பொருளே தோல் ஒவ்வாமைக்கு முதன்மைக் காரணம். காய்ந்த செடியின் துகளும் காற்றில் வந்து தோலைத் தாக்கும்; மகரந்தம் தும்மலையும் மூச்சிரைப்பையும் தூண்டும்.

எனவே ஒவ்வாமை உள்ளவர் இதனைப் பறிக்கவே கூடாது. அப்பணி குடும்பத்தாருக்கும் ஊராருக்கும் உரியது. மழைக்குப்பின் மண் ஈரமாக இருக்கையில், பூக்கும் முன்னரே, கையுறையும் முழுக்கைச் சட்டையும் அணிந்து வேரோடு பிடுங்க வேண்டும். காய்ந்த செடியை எரித்தல் ஆகாது. வெற்றிடத்தில் தகரையை வளர்த்தால் களை மீண்டும் தலையெடுப்பது குறையும். 1984இல் பெங்களூரில் விடப்பட்ட மெக்சிகோ வண்டு இதன் இலைகளைத் தின்று உதவுகிறது. ஆயினும் வண்டை மட்டும் நம்பியிருத்தல் இயலாது.

‘ஒருவர் நோய்க்கு ஊரே ஏன் உழைக்க வேண்டும்?’ எனச் சிலர் வினவலாம். இன்று ஒவ்வாமை இல்லாதவருக்கும், இச்செடியோடு தொடர்ந்து பழகினால் நாளை அது வரலாம். ஒரு வீட்டார் மட்டும் களைந்தால் அண்டை நிலத்து விதை வந்து விழும்.

மருத்துவர் தந்த மருந்தைத் தாமாக நிறுத்த வேண்டாம். நிலத்திலிருந்து திரும்பியதும் சோப்பிட்டுக் குளித்து, உடையைத் தனியே துவையுங்கள். அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது, உடல்நிலையோடு, நீங்கள் வேலை செய்யும் இடத்தில் என்ன செடி வளர்கிறது என்பதையும் மருத்துவரிடம் கூறுங்கள்.