தலை கவிழ்ந்த ரோஜா

ஓசூர் மலைமேல் எழுந்தருளியிருக்கும் சந்திரசூடேசுவரரையும் மரகதாம்பாளையும் தரிசிக்க வருவோர், இவ்வூர்ப் பக்கங்களில் வெண்ணிறப் பசுமைக்குடில்களைக் கண்டிருப்பீர்கள். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம், இதமான குளிர். ஆதலால் ரோஜா இங்குச் செழிக்கிறது. அமுதகொண்டபள்ளியில் டிட்கோவின் கூட்டு முயற்சியாக அமைந்த டான்புளோரா பூங்காவின் மலர்கள் விமானமேறி வெளிநாடுகளுக்கும் செல்கின்றன.

அத்தகைய ஊரில் வாழ்ந்தும், ஒரு வரலட்சுமி விரதத்தன்று நான் பிழை செய்தேன். கலசத்தின் இருபுறமும் பூஜாடிகளில் ரோஜாக்களை வைத்து, நெடுநேரம் வாடாதிருக்கட்டும் என்று நீரில் ஒரு கைப்பிடி சர்க்கரையைப் போட்டேன். மறுநாள் புனர்பூஜைக்குச் சென்றபோது அத்தனை மலர்களும் தலை கவிழ்ந்திருந்தன. “அம்பாள் ஏற்கவில்லையோ?” என்று என் மனைவி கண்கலங்கினாள்.

வங்கிப் பணிக்காலத்தில் கடன் மனுவின் பொருட்டு நான் சென்று பார்த்த தோட்டத்துப் பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். “சகுனமுமில்லை, தோஷமுமில்லை. வெறும் சர்க்கரை பூவைக் காட்டிலும் கிருமிக்கே நல்ல விருந்து. கிருமி பெருகித் தண்டின் நுண்குழாய்களை அடைத்தால் நீர் மேலேறாது, தலை சாயத்தான் செய்யும்” என்றார்.

கடையில் விற்கும் பூப் பாதுகாப்புப் பொடியில் மூன்று பொருள்கள் உண்டு: உணவாகச் சர்க்கரை, நீர் எளிதில் ஏறப் புளிப்பு, கிருமியை அடக்க மருந்து. பொடி கிடைக்காவிடில், ஒரு லிட்டர் நீரில் ஒரு மேசைக்கரண்டி சர்க்கரையும் இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறும் கலக்கலாம். கிருமிநாசினி இதில் இல்லாமையால் நாள்தோறும் ஜாடியைக் கழுவி நீரை மாற்றவேண்டும். தண்டின் நுனியை நீருக்குள்ளேயே சாய்வாக நறுக்கினால் காற்றுக்குமிழ் புகாது. நீரில் மூழ்கும் இலைகளைக் கிள்ளிவிடுங்கள். நிவேதனத்துக்கு வைத்த வாழைப்பழத்தைச் சற்றே விலக்கி வையுங்கள். கனியும் பழத்திலிருந்து வெளிவரும் எத்திலீன் வாயு மலரை விரைவில் முதிரச் செய்யும்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். இக்கரைசல் அலங்கார ஜாடிக்கு மட்டுமே. அர்ச்சனைக்கு அன்றலர்ந்த மலரே உகந்தது. ஜாடி நீரைத் தீர்த்தப் பாத்திரத்தின் அருகிலும் வைக்கவேண்டாம்.

அடுத்த ஆண்டு விரதத்தில் ரோஜாக்கள் புனர்பூஜை முடிந்தும் நிமிர்ந்தே நின்றன. “அம்பாள் சென்ற ஆண்டும் ஏற்றுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்” என்றாள் என் மனைவி.