அட்டையில் ஒரு சிவப்புக் கோடு!

இந்த வாரம் கொஞ்சம் கூச்சமான மேட்டர். பசங்களா, 'இது பொண்ணுங்க சமாசாரம்'னு பக்கத்தைத் திருப்பிடாதீங்க. அக்கா, தங்கச்சிக்காக மெடிக்கல் ஷாப்புக்கு ஓடப்போறது நீங்கதானே!

நீர்க்கடுப்பு. பாத்ரூம் போனா எரிச்சல், போயிட்டு வந்த ரெண்டாவது நிமிஷமே மறுபடி போகணும்போல அவஸ்தை, அடிவயிற்றில் வலி. வீட்டில் 'உடம்பு சூடு'ன்னு மோர் கொடுப்பாங்க. ஹாஸ்டல்ல? 'போன செமஸ்டர்ல எனக்கும் வந்துச்சுடி, இதைப் போடு'ன்னு ரூம்மேட் மிச்சமிருந்த மாத்திரை அட்டையை நீட்டுவா. வில்லங்கம் அங்கேதான் ஆரம்பம்.

இது பெரும்பாலும் சூடு இல்லை, தொற்று. நம்ம குடலில் குடியிருக்கும் ஈ.கோலை பாக்டீரியாதான் முக்கால்வாசி கேஸ்ல வில்லன். பெண்களுக்குச் சிறுநீர்க் குழாய் சுமார் 4 செ.மீ. நீளம்தான். ஆண்களுக்கு 20 செ.மீ. வரை. அதனால பெண்களுக்கு பாக்டீரியா ஈஸியா உள்ளே போயிடும். ஏறக்குறைய பாதிப் பெண்களுக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது இது வருது. இதில் வெட்கப்பட என்ன இருக்கு?

வெட்கப்பட்டு டாக்டரைத் தவிர்த்தா, கவுன்டரில் கிடைக்கிற ஏதோ ஒரு ஆன்டிபயாடிக்தான் கதி. பல வருஷமா அது சிப்ரோஃப்ளாக்சசின். கண்டபடி சாப்பிட்டதில் அந்த மருந்துக்கு இப்போ இந்தியாவில் பெரும்பாலான ஈ.கோலை அசைஞ்சே கொடுக்கிறதில்லை. தசைநார், நரம்புக்கு வரக்கூடிய பக்கவிளைவுகளைச் சொல்லி, வேற வழி இருந்தா சாதாரண நீர்க்கடுப்புக்கு இந்த வகை மருந்து வேண்டாம்னு 2016-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் எச்சரிச்சது.

அப்போ எதுதான் கேட்கும்? ஆச்சரியமா இருக்கும், 1953-லேயே வந்த நைட்ரோஃபுரன்டாயின்! வழக்கமா அஞ்சு நாள் கோர்ஸ். சிறுநீரில் மட்டும் நல்லாச் சேரும் மருந்து என்பதால், சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு இன்னமும் கை கொடுக்குது. ஆனா அதே காரணத்தால் கிட்னித் தொற்றுக்கு இது உதவாது. குளிர் ஜுரம், முதுகுப் பக்கம் விலாவுக்குக் கீழே வலி, வாந்தின்னு இருந்தா அன்னிக்கே ஆஸ்பத்திரி போயிடுங்க. எந்த மருந்துன்னு டாக்டர்தான் முடிவு பண்ணணும், ரூம்மேட் இல்லைங்கறது இதுக்குத்தான்.

முதல் தடவை, சாதாரண கேஸ்னா கல்ச்சர் டெஸ்ட் இல்லாமலே டாக்டர் மருந்து எழுதலாம். அடிக்கடி வந்தாலோ, மாத்திரை கேட்கலைன்னாலோ 'யூரின் கல்ச்சர் எடுக்கலாமா டாக்டர்?'னு நீங்களே கேளுங்க. ரிசல்ட் வர ரெண்டு மூணு நாள் ஆகும். எந்த மருந்துக்குக் கிருமி சாகும், எதுக்குச் சாகாதுன்னு லிஸ்டே வந்துடும். சாம்பிளை மட்டும் முதல் மாத்திரைக்கு முன்னாடியே கொடுத்துடணும். இதெல்லாம் பார்க்காம ஆன்டிபயாடிக்கை மாத்தி மாத்திப் போடுறது, எரர் மெசேஜைப் படிக்காமலே ப்ரோக்ராமைத் திருத்துற மாதிரி!

சட்டமும் இருக்கு. 2014 மார்ச் முதல் செஃபிக்ஸைம் மாதிரி மருந்துகளை விற்கும்போது டாக்டர் பேர், நோயாளி பேரைத் தனி ரிஜிஸ்டரில் எழுதி, 3 வருஷம் கடைக்காரர் வெச்சிருக்கணும். அட்டையில் நெடுக்காக ஒரு சிவப்புக் கோடு இருக்கே, பார்த்திருக்கீங்களா? சீட்டு இல்லாம வாங்காதேன்னு அர்த்தம். 2016-ல் மத்திய அரசு இதுக்காகப் பிரசாரமே பண்ணுச்சு.

கடைசியா ஒண்ணு. காலேஜ் டாய்லெட்டுக்குப் பயந்து காலையிலிருந்து தண்ணியே குடிக்காம இருக்கிற தோழிகளே, ப்ளீஸ் குடிங்க! டாய்லெட் மோசம்னா கும்பலாப் போய் பிரின்சிபால் ரூம் கதவைத் தட்டுங்க. ஃபெஸ்ட்டுக்கு பெர்மிஷன் கேட்டு நாலு தடவை போறோம்ல, இதுக்கு ஒரு தடவை போகக்கூடாதா?

அடுத்த வாரம் மீட் பண்ணுவோம்!