முதலைக்கு உறவினர் யார்?

முதலைக்கு நெருங்கிய உறவு பல்லியா, காகமா என்று மாணாக்கரைக் கேட்டுப் பாருங்கள். பல்லி என்றே பெரும்பாலும் விடை வரும். செதிலுடம்பையும் நீண்ட வாலையும் கண்ட கண் வேறு என்ன சொல்லும்? ஆயினும் அவ்விடை பிழையானது. முதலைக்கும் காகத்துக்கும் பொதுவான மூதாதை ஏறக்குறைய 25 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. பல்லியின் கிளையோ அதற்கும் முன்பே பிரிந்துவிட்டது. முதலையின் இதயமும் புள்ளின் இதயம்போல நான்கு அறைகள் உடையது.

அங்ஙனமாயின் முதலையையும் பல்லியையும் 'ஊர்வன' என ஒரு வகுப்பில் அடைத்து, பறவைகளைத் தனி வகுப்பாக்கியது ஏன்? பறவை சிறகு பெற்றது, பறந்தது. அதனால் அதற்குத் தனிப் பெயர் கிடைத்தது. மாறாமல் எஞ்சியவை எனத் தோன்றியவற்றுக்கெல்லாம் ஒரே பெயர் சூட்டினர். செல்வனாகிவிட்ட ஒரு பேரனை நீக்கி, மற்றையோரை மட்டும் 'குடும்பம்' என்று எழுதிவைத்த வரலாறு போன்றது இது.

இக்குறையைத் தெளிவாக எடுத்துரைத்தவர் ஈக்களை ஆராய்ந்த ஜேர்மானிய அறிஞர் வில்லி ஹென்னிக். அவரது நூல் 1950இல் ஜேர்மன் மொழியிலும், 1966இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. அவர் சொன்னது எளிது. பழைய மூதாதையிடமிருந்து எல்லாருக்கும் வந்த பண்பு நெருங்கிய உறவுக்குச் சான்றாகாது. புதிதாகத் தோன்றி ஒரு சிலர் மட்டும் பகிர்ந்துகொண்ட பண்பே சான்றாகும். பல்லிக்கும் ஐந்து விரல், நமக்கும் ஐந்து விரல். ஊரார் எல்லாரிடமும் உள்ள செப்புக் குடத்தைக் காட்டி 'நாம் ஒரே வீட்டார்' என்று வாதிடுவார் உண்டோ? ஒரு மூதாதையையும் அதன் வழிவந்தோர் அனைவரையும் கொண்ட கூட்டமே உண்மையான கூட்டம் என்பது அவர் துணிபு.

ஏர்ணஸ்ட் மாயர் இதனை ஏற்கவில்லை. பறவை அடைந்த மாற்றம் பெரிது. கிளை பிரிந்த ஒழுங்கை மட்டும் கருதி அம்மாற்றத்தைப் புறக்கணிக்கலாமா என்று கேட்டார். வலுவுள்ள கேள்விதான். ஆனால் மாற்றம் எவ்வளவு பெரிதாயின் தனி வகுப்பு ஆகும்? அதற்கு அளவுகோல் யாரிடமும் இல்லை. 1861இல் ஜேர்மனியில் வெளிப்பட்ட ஆர்க்கியோப்டெரிக்ஸ், சிறகோடு பல்லும் எலும்பு வாலும் உடையது. 1996இல் சீனத்தில் அறிவிக்கப்பட்ட சைனோசோரோப்டெரிக்ஸ் என்னும் டைனோசோரின் உடலிலோ மென்தூவி போன்ற இழைகள் இருந்தன. கோட்டை எங்கே கீறுவது? பேச்சு வழக்கில் 'ஊர்வன' இருந்துவிட்டுப் போகட்டும்; உறவு கற்பிக்கும் பாடத்தில் அதற்கு இடமில்லை என்பதே என் கருத்து.

இது வெறும் பெயர்ச் சண்டையன்று. நம்மைப் பற்றிய இடத்திலேதான் இப்பழக்கம் மிகுந்த தீங்கு செய்தது. லின்னேயசு 1758இலேயே மனிதனையும் குரங்கையும் ஒரே வரிசையில் வைத்தார். பின்வந்தோர் பலருக்கு அது பொறுக்கவில்லை. சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் மூன்றையும் ஒரு குடும்பமாக்கி, மனிதனைத் தனிக் குடும்பமாக்கினர். சிம்பன்சியோ ஒராங்குட்டானைவிட மனிதனுக்கே நெருங்கிய உறவு. மனிதனைக் கழித்து எஞ்சியதைக் 'குரங்கு' என்று பெயரிட்டுக் கற்பித்தால், 'குரங்கிலிருந்து மனிதன் வந்தானெனில், குரங்கு இன்னும் இருப்பது எப்படி?' என்று மாணவன் கேட்கவே செய்வான். அவனைக் கடிந்து பயனில்லை. இன்றைய சிம்பன்சி நம் பாட்டனன்று, ஒன்றுவிட்ட சகோதரன் என்பதைக் கரும்பலகையில் ஒரு கிளைமரம் வரைந்து காட்டலாம். அதற்கு ஐந்து நிமிடம் போதும்.