மோட்டாரை மாற்றும் முன் பற்களை எண்ணுங்கள்

தொலைக்கட்டுப்பாட்டுக் கார் பந்தயத்தில் பின்தங்கினால், மாணவர்கள் பலர் பெற்றோரிடம் விலையுயர்ந்த மோட்டார் கேட்கிறார்கள். முதலில் பற்சக்கரங்களைப் பாருங்கள் என்பேன்.

மோட்டார் தண்டிலுள்ள சிறிய சக்கரத்துக்கு 20 பற்கள், அது சுழற்றும் பெரிய சக்கரத்துக்கு 80 பற்கள் என்றால் விகிதம் 4. சிறியதை 25 பல்லாக மாற்றினால் விகிதம் 3.2. உச்ச வேகம் கூடும். ஆனால் சக்கரங்களுக்குச் செல்லும் முறுக்குவிசை குறையும், மோட்டாரும் அதிகம் சூடாகும். வளைவுகள் நிறைந்த தடத்துக்கு 20 பல்லே மேல்.

பிட்ச் எண் கூடினால் பல் சிறிதாகும். 48 பிட்ச் சக்கரத்தோடு 64 பிட்ச் சக்கரத்தைச் சேர்த்தால் பற்கள் அரைபட்டுப்போகும்.

ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றி, சுற்று நேரத்தையும் மோட்டாரின் வெப்பத்தையும் குறித்துவையுங்கள். வகுப்பில் மாறிகளைப் பற்றிப் படிப்பது இதற்கும்தானே!