பதினாறுக்குப் பதினாறில் ஒரு கவலை

கணினியில் கட்டட விளையாட்டு ஆடுகிறவர்களைக் கண்டால் இலக்கிய அன்பர்கள் முகம் சுளிப்பது வழக்கம். அந்தச் சுளிப்போடு எனக்கு வழக்கில்லை. நம் மண்ணின் பொருள்களைத் தாமே உருவாக்கி அவ்விளையாட்டுகளில் சேர்க்கும் நம் இளைஞர்களோடுதான் என் வழக்கு. அவர்களது உழைப்பை மதிக்கிறேன். மதிப்பதனாலேயே சண்டைக்கு வருகிறேன்.

கோவையில் இருக்கும் என் அக்காள் மகன், லுவான்டி விளையாட்டுக்கென ஒரு கவலைக் கிணறு செய்திருந்தான். (2010இல் தொடங்கிய மைன்டெஸ்ட் என்னும் கட்டற்ற விளையாட்டுக்கு 2024இல் இட்ட புதுப்பெயர் அது.) மாடுகள் இறங்கி ஏறும் வாரியின் சரிவு, கல்தூண்கள், உருளை, சால் எல்லாம் அளவு பிசகாமல் இருந்தன. ஆனால் பொருள்களைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் அதன் கட்டத்திற்குள் பழுப்பாக ஏதோ ஒரு குப்பல்தான் தெரிந்தது. “என்னடா இது?” என்றேன். “அது தானா வர்ற படமுங்க மாமா. எடுத்து வெச்சுப் பாத்தாத் தெரியும்” என்றான்.

எதுவென்றே தெரியாததை எவன் எடுத்து வைப்பான்? மூன்று வாரம் செதுக்கியவன் அந்தச் சின்னப் படத்துக்கு மூன்று நிமிடம்கூடத் தரவில்லை. இது அவன் ஒருவனின் குறையன்று. 2015இல் வந்த சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸில் கட்டடம் செய்து பகிர்ந்தவர்களிடமும் இதைக் கண்டிருக்கிறேன். அதில் பட்டியல் படத்தின் அளவு 109க்கு 100 புள்ளி. விளையாட்டே எடுத்துத் தரும் நிழற்படத்தை அப்படியே விட்டுவிடுவார்கள். திண்ணை வீடும் கிடங்கும் பள்ளிக்கூடமும் ஒன்றுபோலவே தோன்றும்.

இன்னொரு சாரார் இதைவிட மோசம். தமிழகப் பொருள் எதுவானாலும் அதன் முகப்பில் ஒரு கோபுரத்தை ஒட்டிவிடுகிறார்கள். கோபுரத்தின் மீது எனக்குப் பகையில்லை. ஆனால் 2025இல் வெளிவந்த சிவிலைசேஷன் 7இல் சோழரும் தஞ்சைப் பெரிய கோயிலும் ஏற்கெனவே இடம்பெற்றுவிட்டார்கள். பேரரசுகளைப் பெருநிறுவனங்கள் பார்த்துக்கொள்ளும். கவலையையும் கிளுவை வேலியையும் தொட்டிக்கட்டு வீட்டையும் நாம் செய்யாவிட்டால் வேறு யார் செய்யப்போகிறார்கள்?

“பதினாறுக்குப் பதினாறு, மொத்தம் 256 புள்ளி, இதில் என்ன வரையமுடியும்?” என்பது வழக்கமான சமாதானம். சிறுமுகைக்குப் போய்க் கேளுங்கள். கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு கட்டமாக நிரப்பி, அதைப் பார்த்து அட்டையில் துளையிட்டு, ஜக்கார்டு தறியில் மயிலையும் அன்னத்தையும் சேலையில் இறக்கியவர்கள் இந்த மண்ணில்தான் இருக்கிறார்கள். எந்தக் கட்டத்தை நிரப்புவது, எதை விடுவது என்பதே அவர்களது கலை. எழுத்தறியாதவரும் அடையாளம் காணவேண்டுமென்று 1951-52 பொதுத்தேர்தலில் சின்னங்களை அச்சிட்ட நாடு இது. சிறிய படம் பெரிய படத்தின் சுருக்கமன்று. அது தனியொரு வரைவு.

கவலைக்கு அதைச் செய்து பார்ப்போம். மேலைநாட்டு விளையாட்டுகளில் கிணறு என்றால் பெரும்பாலும் சிறு கூரையும் கைராட்டினமும்தான். நம்முடையதை அதிலிருந்து பிரித்துக் காட்டுவது சரிவு. ஆகவே பக்கவாட்டிலிருந்து வரையவேண்டும். இடப்புறம் தூணும் உருளையும், வலப்புறம் கீழே இறங்கும் வாரி. வடத்தைச் சாய்வாக இழுத்தால் ஒற்றைப் புள்ளிகள் படிக்கட்டுபோல் உடைந்துவிடும், அதை விட்டுவிடலாம். இரு மாடுகளுக்கு ஒரே நிழலுரு போதும். சால் மட்டும் அடர்ந்த நிறத்தில், வாயருகே தொங்கட்டும். பின்புலம் ஒளிபுகுவதாக இருக்கட்டும். பிறகு பெரிதாக்கிப் பார்க்காமல், உண்மை அளவில், பட்டியலின் சாம்பல் கட்டத்தில் வைத்து, கவலையை அறியாத ஒருவரிடம் காட்டுங்கள். “சரிவில் மாடு இறங்குகிறதே, ஏன்?” என்று அவர் கேட்டால் படம் வென்றது.

‘விவரங்கள் போய்விடுமே’ என்பார்கள். போகட்டும், விவரமெல்லாம் உள்ளே பொருளில் இருக்கிறது. வாசலில் நிற்பது அழைக்கவேண்டும், அவ்வளவுதான்.

படத்துக்கு அடுத்தது பெயர். ‘இந்தியக் கிணறு 3’ என்று ஆங்கிலத்தில் எழுதிவைப்பது என்ன நியாயம்? பெருமாள்முருகன் கொங்கு வட்டாரச் சொல்லகராதியைத் தொகுத்து வெளியிட்டது 2000இல். சொற்கள் அங்கே இருக்கின்றன. எடுத்து இடத்தான் ஆளில்லை.

1932இல் பைகாரா மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. பிறகு மோட்டார்கள் பரவப் பரவ, வாரிகள் மெல்லத் தூர்ந்தன. அது காலத்தின் போக்கு, குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கவலையை ஒருவன் மெனக்கெட்டு மீட்டெடுத்து, யாரும் தொடாத பழுப்புக் குப்பலாகப் பட்டியலில் போட்டுவைப்பது காலத்தின் குற்றமன்று. அது நம் சோம்பல்.