அங்கன்வாடியில் தொடங்கட்டும்

இரண்டரை வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத குழந்தை. "இவங்கப்பாவும் லேட்டாதான் பேசினார்" என்று பாட்டி தேற்றுவதிலேயே ஒரு வருடம் ஓடிவிடுகிறது. அப்புறம்தான் மருத்துவர், ஆட்டிசம் என்ற சொல், தெரபிக்கான அலைச்சல். நகரத்திலிருந்து தள்ளி வாழும் கூலிக் குடும்பம் 45 நிமிட தெரபிக்காக ஒரு நாள் சம்பளத்தை இழக்கிறது. நாலைந்து மாதத்தில் தெரபி நின்றும்விடுகிறது.

ஆட்டிசக் குழந்தைகளுக்கான ஆரம்பகாலப் பயிற்சியை அங்கன்வாடிகளுக்குக் கொண்டுவர வேண்டும். தமிழ்நாட்டில் 54,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. குழந்தையின் எடையையும் உயரத்தையும் குறித்துவைக்கும் அந்த ஊழியரே, அது விரல் நீட்டிக் காட்டுகிறதா, மற்ற பிள்ளைகளோடு சேருகிறதா என்பதையும் முதலில் கவனிக்கக்கூடியவர்.

நிபுணர் இல்லாமல் இது நடக்குமா? கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு 2016இல் வெளியானது. நிபுணர் அல்லாத சுகாதாரப் பணியாளர்கள் பெற்றோருக்குப் பயிற்சி தந்தார்கள். குழந்தைகள் தாமாகப் பெற்றோரை அணுகுவது கூடியது. உலக சுகாதார நிறுவனமும் 2 முதல் 9 வயதுக் குழந்தைகளின் பெற்றோருக்காக 9 குழு வகுப்புகளும் 3 வீட்டு வருகைகளும் கொண்ட பயிற்சியை வகுத்திருக்கிறது. அதில் சேர ஆட்டிசம் என்ற சான்று தேவையில்லை.

இத்தகைய பயிற்சியில் கற்றுத்தருவது பெரும்பாலும் விளையாட்டுதான். குழந்தை கார் பொம்மையின் சக்கரத்தையே சுற்றிக்கொண்டிருந்தால் பிடுங்காமல், எதிரே தரையில் உட்கார்ந்து நாமும் ஒரு சக்கரத்தைச் சுற்றுவது. உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, நண்டு ஊரவிட்டு, அக்குளுக்குப் போகும்முன் கையை நிறுத்திக் காத்திருப்பது. "இன்னும்" என்று குழந்தை கண்ணாலோ கையாலோ கேட்டால் அதுவே உரையாடல். டம்ளரில் தண்ணீர் ஊற்றுவது, சட்டையில் கைநுழைப்பது எல்லாம் இப்படிச் சிறுசிறு படியாகப் பழக்கலாம். ஆட்டிசத்தை அடியோடு குணப்படுத்துவதாக விளம்பரம் செய்து பணம் பறிப்பவர்களிடம் பெற்றோர் சிக்காமலிருக்கவும், முன்னேற்றம் இப்படிச் சிறுசிறு படியாகத்தான் வரும் என்ற தெளிவு உதவும்.

பயிற்சி தாயின் தலையில் மட்டும் விழக்கூடாது. அப்பாவும் தாத்தாவும் வர வேண்டுமென்றால் மாலையிலோ ஞாயிறன்றோ வகுப்பு வைக்க வேண்டும். ஏற்கெனவே பதிவேடுகளில் மூழ்கியிருக்கும் அங்கன்வாடி ஊழியரிடம் கூடுதல் ஊதியமில்லாமல் இன்னொரு வேலையைச் சுமத்துவதும் அநியாயம். கடுமையான சிக்கலுள்ள குழந்தைக்குப் பேச்சுப் பயிற்சியாளரும் சிறப்பாசிரியரும் கட்டாயம் தேவை. அவர்களுக்கு மாற்றாக அங்கன்வாடியைக் காட்டி அரசு கைகழுவ முடியாது.

குழந்தைகளிடம் வளர்ச்சிக் குறைபாடுகளைக் கண்டறியும் தேசியத் திட்டம் 2013இல் தொடங்கியது. ஆட்டிசத்தை மாற்றுத்திறன் வகைகளில் ஒன்றாக மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இலேயே ஏற்றது. கண்டறிந்தபின் அந்தக் குழந்தைக்கு ஊரிலேயே என்ன கிடைக்கும் என்பதற்கு மாநில அரசு வரும் நிதிநிலை அறிக்கையில் பதில் சொல்லட்டும். மாவட்டத்துக்கு ஓர் ஒன்றியத்திலாவது இந்த ஆண்டே பயிற்சி தொடங்க வேண்டும்.